போத்தலில் இருப்பதெல்லாம் உடம்பில் சேருமா?



போன கிழமை பாடசாலை விட்டு மோட்டார் சைக்கிளை எடுக்கிற நேரம், என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்றின் தாய் வந்து மறித்தார். கையில் ஒரு சின்னப் போத்தல். உள்ளே மஞ்சளும் மண்ணிறமுமாகக் கடுகு மாதிரி உருண்டைகள். தேனீ மகரந்தம்.

"சேர், பிள்ளைக்கு இரத்தம் குறைவு எண்டு கிளினிக்கில சொன்னவை. இதைக் குடுத்தா ஏறும் எண்டு போனில பாத்தன். நல்லதுதானே?"

மூன்று நாள் வயற்கூலி அந்தப் போத்தலுக்குப் போயிருந்தது. அவருக்குச் சொன்ன பதில் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. தேனீயின் பெயரில் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. தேனை மதித்து வளர்ந்தவன் நான். ஆகவே இது தேனீக்கு எதிரான பதிவு இல்லை. தேனீயை மதிப்பது வேறு, போத்தலில் ஒட்டியிருக்கிற விளம்பரத்தை நம்புவது வேறு.

மகரந்தத்தில் நல்ல பொருட்கள் உண்டு என்பது பொய் இல்லை. புரதம் இருக்கிறது. குவர்செற்றின், கெம்பெரோல் போன்ற பிளவனொயிட்டுகளும் வேறு பீனோலிக் சேர்மங்களும் இருக்கின்றன. விளம்பரம் பேசுவது இவற்றைப் பற்றித்தான். ஆனால் அது சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. நாங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற சமிபாட்டுப் பாடம்தான் அது.

மகரந்தமணிக்கு வெளியே ஒரு சுவர் உண்டு. ஸ்போரோபொலெனின் என்ற பொருளால் ஆனது. உயிருலகில் உள்ள மிகக் கடினமான பொருட்களில் ஒன்று. நம் நாட்டு ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணைத் தோண்டி, 20,000 ஆண்டுகளுக்கு முந்திய மகரந்தமணிகளை ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மழையும் காடும் எப்படி இருந்தன என்று அவற்றை வைத்துத்தான் கணித்தார்கள். அத்தனை காலம் மண்ணுக்குள் கிடந்தும் அழியாத சுவர், நம் இரைப்பை அமிலத்தில் இரண்டு மணித்தியாலம் கிடந்து கரையப் போவதில்லை. தேனீயின் வயிற்றிலேயே அது கரைவதில்லை. உள்ளே உள்ளதை எடுத்துக்கொண்டு வெறும் கோதுகளைத் தேனீ கழித்துவிடுகிறது.

அப்படியென்றால் ஒன்றுமே வெளியே வராதா? வரும். சுவரில் சிறு துவாரங்கள் உண்டு. ஈரத்தில் மணி ஊதி, உள்ளிருப்பதில் ஒரு பகுதி கசியும். அரைத்தால், ஊறவைத்தால், நொதிக்கவைத்தால் இன்னும் கொஞ்சம் கூட வரும்.

ஆனால் வெளியே வந்ததும் கதை முடிந்துவிடாது. உணவு எப்படிச் சமிக்கிறது என்று ஆய்வுகூடத்தில் பார்க்க, 2014 இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து இன்ஃபோஜெஸ்ட் என்றொரு பொதுமுறையை வெளியிட்டார்கள். வாயில் 2 நிமிடம், இரைப்பையில் பி.எச். 3 இல் 2 மணித்தியாலம், சிறுகுடலில் பி.எச். 7 இல் 2 மணித்தியாலம். அமிலத்தைத் தாங்குகிற சில பிளவனொயிட்டுகள், அமிலம் தணிந்த சிறுகுடலில் சிதைந்துபோகின்றன. சில புரதத்தோடு ஒட்டிக்கொள்கின்றன. மிச்சத்தில் பெரும்பங்கு பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பற்றீரியாக்களால் சிறு அமிலங்களாக உடைபடுகிறது. உறிஞ்சப்பட்டதையும் குடற்சுவரும் ஈரலும் வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன. போத்தலில் இருந்த பொருளும் இரத்தத்தில் ஓடுகிற பொருளும் ஒன்றல்ல. அந்தச் சிறு அமிலங்களிலும் நன்மை இருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் போட்டிருக்கிற எண் அவற்றின் எண் இல்லை.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. அமெரிக்க விவசாயத் திணைக்களம் உணவுகளின் ஒட்சியேற்ற எதிர்ப்பு அளவுகளைப் பட்டியலாக வைத்திருந்தது. சோதனைக் குழாயில் எடுத்த அந்த எண்கள் உடம்பில் நடப்பதைக் காட்டவில்லை, கம்பனிகள் விளம்பரத்துக்குப் பாவிக்கின்றன என்று சொல்லி, 2012 இல் பட்டியலையே எடுத்துவிட்டது.

இனி இரத்தக் குறைவுக்கு வருவோம். பீனோலிக் சேர்மங்கள் பல, குடலில் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடும் இரும்புக் குளிசையோடும் பிளேன்ரீ குடிக்க வேண்டாம் என்று மருத்துவமாது சொல்வது இதனால்தான். புரதக் கணக்கும் பெரிதாக இல்லை. ஒரு தேக்கரண்டி மகரந்தத்தில் 1 அல்லது 2 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம்.

அந்தத் தாயிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "பிள்ளைக்கு முட்டு வருத்தம் இருக்கோ?" மாரியில் வரும் என்றார். எனக்கு நெஞ்சு பகீரென்றது. முட்டும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு மகரந்தம் ஆபத்து. சிலருக்கு முதல் கரண்டியிலேயே முகம் வீங்கி மூச்சு அடைத்திருக்கிறது. பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம், கிளினிக்கில் தந்த குளிசையை நிற்பாட்டவும் வேண்டாம் என்று சொன்னேன். முட்டை, நெத்தலி, தேசிக்காய்ப் புளி விட்ட முருங்கையிலைச் சுண்டல் கொடுக்கச் சொன்னேன். தேசிக்காயில் உள்ள விற்றமின் சி, இலையில் உள்ள இரும்பை உறிஞ்ச உதவும்.

"அப்ப காசு போனது போனதுதானோ சேர்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தப் பதில் இல்லாததால்தான் இதை எழுதுகிறேன். அடுத்த வீட்டில் இன்னொரு தாய் வாங்க முதல் இது அவரிடம் போய்ச் சேரட்டும். யாராவது ஒரு போத்தலைக் காட்டி "இதில் இவ்வளவு சத்து இருக்கு" என்றால், "அதில் எவ்வளவு என்ர பிள்ளையின்ர இரத்தத்தில சேரும்?" என்று கேளுங்கள். படிக்கிற பிள்ளை வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளையையே கேட்க விடுங்கள். சமிபாட்டுப் பாடத்தைச் சோதனைக்கு மட்டுமா படிப்பிக்கிறோம்?