தரிசுன்னு யார் சொன்னது?

போன செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனபோது, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பா கேட்டார்: "நீ சிவில்தானே படிக்கிற? மலையடிவாரத்து நிலத்தை வித்துடலாமா, சொல்லு."

எங்க ஊர் கலசப்பாக்கம் பக்கம். ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் புஞ்சை இருக்கிறது. மழையை நம்பி மல்லாட்டை போடுவோம். பாதி வருஷம் சும்மாதான் கிடக்கும். அந்தப் பக்கத்து நிலங்களை வாங்கி மனை போட ஒருத்தர் சுத்திக்கிட்டு இருக்கார். "வெறும் கல்லாங்குத்து, தரிசு மாதிரி கிடக்கு. வர்ற காசை ஏன் விடணும்?" என்பது அவர் வாதம். அப்பாவுக்குப் பாதி சம்மதம். மூணு வருஷம் சிவில் படிச்ச எனக்கு அன்னிக்கு ஒரு பதிலும் வரல. லேட்டானாலும் பரவாயில்லைன்னு இப்போ சொல்லிப் பார்க்கிறேன்.

முதல்ல அந்தத் 'தரிசு' என்கிற வார்த்தை. வி.ஏ.ஓ. ஆபீஸில் 'அ' பதிவேடு என்று ஒன்று இருக்கும். ஊரில் உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் அதில் நஞ்சை, புஞ்சை, தரிசு, புறம்போக்கு என்று ஒரு வகை எழுதியிருக்கும். கூடவே மண்ணின் தரம், தீர்வை எவ்வளவு என்பதும் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்து ரயத்துவாரி முறையில் உறுதியான பிரிவுகள் இவை. அந்தப் பதிவேடு நிலத்திடம் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: "நீ எவ்வளவு வரி தருவ?" ஒண்ணும் தராத நிலம் தரிசு. வரி போட அந்தப் பட்டியல் போதும். எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக்கூடாது என்று முடிவு பண்ண அது போதுமா?

சூழலியல் மண்டலப் பகுப்பு வேற கேள்வி கேட்கும்: "நீ என்ன வேலை செய்யுற?"

எங்க ஒன்றரை ஏக்கர் என்ன வேலை செய்யுதுன்னு பார்ப்போம். எங்க பகுதி முழுக்க கடினப் பாறை. மணல் பூமி மாதிரி ஆழத்துக்குத் தண்ணி தேங்காது. பாறைக்கு மேலே சிதைஞ்சு கிடக்கிற அடுக்கிலும், பாறை வெடிப்பிலும்தான் தங்கும். மலைச் சரிவில் மழைத்தண்ணி வேகமா ஓடிடும். அடிவாரத்துக்கு வந்ததும் சரிவு குறையுது, வேகமும் குறையுது. அடிச்சிட்டு வந்த சரளையையும் மணலையும் தண்ணி அங்கேயே போட்டுடும். அந்தக் குவியல்தான் நாம சலிச்சுக்கிற கல்லாங்குத்து! ஓட்டை உள்ள அந்த மண் வழியாத்தான் மழை கீழே இறங்குது, கீழ்ப்பக்கம் இருக்கிற கிணறுகளுக்கு ஊறுது. மல்லாட்டைக்கு எது குறையோ, தண்ணிக்கு அதுவே நிறை.

அதுல மனை போட்டா என்ன ஆகும்? ஓடையை மூடி ரோடு வரும், காம்பவுண்டு வரும். இறங்க வேண்டிய தண்ணி இறங்காம ஒரே நாளில் ஓடிப் போகும். போகும்போது மண்ணையும் வாரிக்கொண்டு போய் ஏரியில் கொட்டும். மழைக்காலத்தில் வெள்ளம், சித்திரையில் வறண்ட கிணறு. நூறு மனைக்காரர்களுக்கு வீடு கிடைக்கும். கீழே இருக்கிற ஊருக்குத் தண்ணி லாரிதான் கிடைக்கும்.

இது எங்க ஊரோட முடியுற விஷயமும் இல்லை. ரத சப்தமிக்கு அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு வருகிற எங்க செய்யாறு, ஜவ்வாது மலையில் பிறந்து கலசப்பாக்கம் வழியா ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் பக்கம் கடலில் கலக்கிறது. ஆத்துல நன்னீர் வரத்து குறைஞ்சா முகத்துவாரத்தில் கடல்நீர் உள்ளே ஏறும். மணல் வரத்து குறைஞ்சா கடற்கரைக்கும் மணல் குறையும். கடல்நீரைத் தடுக்கவே வாயலூரில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். மலையில் செய்யுற தப்புக்குக் கடலோரத்தில் பில் வரும்.

கடலோரத்துக்கு ஒரு கோடு ஏற்கெனவே இருக்கு. 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை உள்ள நிலத்தை அதன் தன்மை பார்த்துப் பிரித்தார்கள். அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் கரை ஒரு வகை; ஏற்கெனவே நகரமாகிவிட்ட இடம் ஒரு வகை; கிராமப்புறக் கரை இன்னொரு வகை. குறை இல்லாத சட்டம்னு சொல்ல மாட்டேன். 2019 அறிவிக்கையில், மக்கள் நெருக்கமான கிராமக் கரைகளில் கட்டுமானம் கூடாத தூரத்தை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருக்கிவிட்டார்கள். ஆனாலும் "இந்த நிலம் என்ன வேலை செய்யுது?" என்ற கேள்வியைச் சட்டம் கேட்டது. டெல்டாவுக்கும் 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஹைட்ரோகார்பன் கிணறு போன்ற புதுத் திட்டங்களை அது தடுக்கிறது. மலை மேல காப்புக்காட்டு எல்லைக்கல் இருக்கு. காட்டுக்கும் டெல்டாவுக்கும் கடலுக்கும் நடுவுல எங்க பட்டா நிலத்துக்கு இருக்கிறதோ அதே நஞ்சை, புஞ்சை, தரிசு.

கோடு இல்லாததோட விலை என்னன்னு எங்க மாவட்டம் பார்த்துடுச்சு. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலைச்சரிவு வீட்டு மேல விழுந்தது. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். அங்கே குடியிருந்தவங்க மேல நான் பழி போடல. டவுனுக்குள்ள வாங்க வசதி இல்லாதவனுக்கு மலையடிவாரம்தான் கிடைக்குது.

கோடு போட்டா மட்டும் போதுமான்னு கேட்டா, போதாது. மேற்குத் தொடர்ச்சி மலைக்காக மாதவ் காட்கில் தலைமையிலான குழு 2011இல் அறிக்கை கொடுத்தது. அதில் வயநாட்டின் வைத்திரி தாலுகா முதல் நிலைப் பாதுகாப்பு மண்டலம். 2024 ஜூலை 30 அன்று நிலச்சரிவில் அழிந்த முண்டக்கையும் சூரல்மலையும் அந்தத் தாலுகாவில்தான் இருக்கின்றன. வரைபடம் இருந்தது, அமலுக்கு வரல. ஏன்? "நிலத்தைப் பிடுங்கப் போறாங்க" என்ற பயம் பரவி, மக்களே எதிர்த்தார்கள். மண்டலங்களைக் கிராம சபைகளில் வைத்துப் பேசி முடிவு செய்யணும்னு காட்கில் குழுவே சொல்லியிருந்தது. அந்தப் பேச்சுதான் நடக்கல.

அந்தப் பயம் எங்க அப்பாவுக்கும் உண்டு. நான் இதையெல்லாம் போனில் சொன்னப்போ அவர் கேட்டது: "ஊருக்குத் தண்ணி இறங்கணும்னா என் நிலம் மட்டும் ஏன் சும்மா கிடக்கணும்? உன் ஃபீஸ் ஊரா கட்டும்?" நியாயமான கேள்வி. இதுக்குப் பதில் இல்லாத மண்டலத் திட்டம் எதுவும் நிக்காது. என் பதில் இதுதான். தண்ணி இறக்குற நிலத்துக்காரருக்குப் பண்ணைக்குட்டை, வரப்பு, மரக்கன்று, சொட்டுநீர் மானியம் எல்லாத்துலயும் முதல் உரிமை தரணும். மேய்ச்சல், மானாவாரி, மா, புளி எதுக்கும் தடை கூடாது. மலை மேல சாமை விதைக்கிற மலையாளி மக்களை 'பாதுகாப்பு' என்று சொல்லி வெளியேத்தவும் கூடாது. 2006 வன உரிமைச் சட்டம் அவங்க பக்கம் இருக்கு. மனை வேணும்னா தண்ணி இறங்காத, ஓடை குறுக்கிடாத மேட்டு நிலத்தை ஊரே காட்டட்டும்.

இதுல நமக்கு என்ன வேலை? நிறைய இருக்கு மச்சி. சர்வே லேபில் நாம காலேஜ் கிரவுண்டையே எத்தனை தடவை அளந்திருப்போம்! இஸ்ரோவின் புவன் தளத்தில் நில உயரத் தரவு இலவசம், கியூஜிஐஎஸ் இலவசம். சரிவு, ஓடை, ஏரி, கிணறு நாலையும் ஒரே வரைபடத்தில் போட்டு, மேல சர்வே எண்களை வெச்சா ஒரு பஞ்சாயத்துக்கு முதல் வரைவு தயார். மீதியை ஆடு மேய்க்கிறவங்களும் கிணறு வெட்டுறவங்களும் திருத்துவாங்க. எந்த ஓடை எப்போ ஓடும்னு சாட்டிலைட்டை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும். மினி ப்ராஜெக்டுக்கு எவனோ செஞ்ச ரிப்போர்ட்டைக் காப்பி அடிக்கிறதுக்கு, அவங்கவங்க ஊருக்கு இதைச் செய்யலாமே.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டில் கிராம சபை நடக்கும். எங்க ஊர் வரைபடத்தை எடுத்துக்கிட்டு நான் போகப் போறேன். அதில் எங்க ஒன்றரை ஏக்கருக்கு நீலம் அடிச்சிருக்கேன். அப்பா இன்னும் முடிவு சொல்லல. "கிராம சபையில என்ன சொல்றாங்கன்னு பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருக்கிறார். அதுவரைக்கும் அட்வான்ஸ் வாங்கல.