காந்தள் கதைகளில் உள்ள பாடம்

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலியோரம் ஏறிப் படர்ந்து, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகத் தீச்சுடர் போலப் பூக்கும் கொடி செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர் இதுவே. முருகனுக்கு உகந்த பூ என்பது பழைய மரபு. திருமுருகாற்றுப்படையில் அவன் தலையில் சூடியிருப்பது காந்தள் கண்ணிதான். கார்த்திகைப் பூ என்றும் இதற்குப் பெயர் உண்டு.

இதே கொடியைத்தான் திண்டுக்கல், கரூர், திருப்பூர் மாவட்ட விவசாயிகள் கண்வலிக் கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்கள். விதையில் உள்ள கோல்ச்சிசின் மூட்டு வாத மருந்துக்குப் பயன்படுகிறது. பணப்பயிர் ஆனபின், இதைப் பற்றிய கதைகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோர் உண்டு. அது சரியல்ல. பதரைத் தூற்றிவிட்டு மணியை எடுத்துக்கொள்வதே விவசாயிக்கு அழகு.

தெய்வப் பூ என்பதால் காந்தளை வண்டு மொய்க்காது என்பது பழைய நம்பிக்கை. வண்டு அறவே வராது என்பதில்லை. ஆனால் இப்பூவின் சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகி, பக்கவாட்டில் மடங்கி நிற்கிறது. அதனால் தானாகக் காய் பிடிப்பது குறைவு. காலை வேளையில் கையால் மகரந்தம் தடவ வேண்டியிருக்கிறது. பூக்கும் பருவத்தில் பூச்சி மருந்தைக் கண்டபடி தெளித்தால், வருகிற வண்டும் வராமல் போகும்.

கலப்பைக் கிழங்கு என்பது இன்னொரு பெயர். கிழங்கு ஏர்க்கலப்பை போல இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான். அது ஒடிந்தால் அந்தத் துண்டு முளைக்காது. நடவின்போது கவனம் தேவை.

பூவை உற்றுப் பார்த்தால் கண் வலிக்கும் என்பது உண்மையல்ல. ஆனால் அந்தப் பயம் தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகளைக் கொடியின் அருகே போகவிடாமல் காத்தது. கிழங்கு, விதை, இலை எல்லாமே நஞ்சு. வள்ளிக் கிழங்கு என்று எண்ணிச் சமைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. எனவே விதைக்கிழங்கை உணவுக் கிழங்கோடு சேர்த்து வைக்கக் கூடாது. மாடு மேயாமல் வேலி வேண்டும். தவறி யாரேனும் தின்றுவிட்டால், வாந்தி, வயிற்றுப்போக்கு வரும்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். பிரசவ வலி எடுக்கக் கிழங்கை அரைத்துத் தடவும் பழைய வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. காட்டில் தானே வளர்ந்த கிழங்குகளைத் தோண்டி விற்பதால் பல இடங்களில் காந்தள் அருகி வருகிறது. சாமிக்குரிய பூ என்று முன்னோர் கைவைக்கத் தயங்கியது காட்டுக்குக் காவலாக இருந்தது. விதைக்கிழங்கைச் சொந்த வயலிலிருந்தோ, பயிர் செய்யும் விவசாயியிடமிருந்தோ எடுப்பதே நல்லது. காட்டுக் கொடி அழிந்தால், நோய் தாங்கும் புதிய வகைகளைத் தேட நாளை இடமிருக்காது.