வளர்ந்த பிள்ளைக்கு எந்த வண்டி?

போன மாதம் ஓர் அம்மா தன் மகனைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "டாக்டர் ஐயா, இருபது வயசுப் பையன். கிழவன் மாதிரி முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்கார்றான். இடுப்பும் வலிக்குதாம். வாதத்துக்கு ஏதாவது தைலம் குடுங்க" என்றார். பையன் வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தான். ஆறடி ஓரங்குலம்! நாடி பார்த்தேன். கால்களை நீட்டி மடக்கிப் பார்த்தேன். பெரிதாக எதுவும் தட்டுப்படவில்லை. "எதில் வந்தாய் தம்பி?" என்று கேட்டேன். வாசலில் நின்ற புது மோட்டார் சைக்கிளைக் காட்டினான்.

ஏறி உட்காரச் சொன்னேன். முழங்கால்கள் இரண்டும் டேங்குக்கு மேலே எழும்பி நின்றன. ஹேண்டிலை முழுக்கத் திருப்பச் சொன்னேன். பிடி முட்டியில் இடித்து நின்றுவிட்டது. "போன வாரம் யூ டர்ன் போடும்போது இப்படித்தான் இடிச்சு விழுந்தேன் சார். வீட்ல சொல்லலை. அப்பா சீட்டுப் பணம் எடுத்து வாங்கிக் குடுத்த வண்டி..." என்றான், அம்மாவுக்குக் கேட்காத குரலில்.

வாசகர்களே, தைலம் கொடுத்தேன். ஆனால் பொய் சொல்ல மனசு வரவில்லை. ராத்திரி தடவினால் சுகமாகத் தூங்குவான். காலையில் அதே வண்டியில் அதே மாதிரி மடங்கி உட்கார்ந்தால் வலி திரும்ப வரத்தானே செய்யும்?

சித்த மருத்துவத்தில் மணிக்கடை நூல் என்று ஒரு பரிசோதனை உண்டு. நோயாளியின் மணிக்கட்டுக்கு மேலே நூலைச் சுற்றி அளந்து, அந்த நீளத்தை அவருடைய விரற்கடையாலேயே கணக்கிடுவோம். வைத்தியன் தன் விரலால் அளந்தால் கணக்கு தப்பிவிடும். முதல் வண்டி வாங்கும் பல வீடுகளில் நடப்பது இந்தத் தப்புதான். அப்பா உட்கார்ந்து பார்க்கிறார், மைலேஜ் விசாரிக்கிறார், கையெழுத்துப் போடுகிறார். ஓட்டப்போகிறவன் பின்னால் நிற்கிறான்!

சீட் உயரம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அது என்னைப் போன்ற ஐந்தடி நாலங்குல ஆசாமிகளின் கவலை. சிக்னலில் கால் எட்ட வேண்டுமே! நெட்டையானவர் பார்க்க வேண்டியது, சீட்டுக்கும் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதை முடிவு செய்வது அதுதான். ஒரே சீட் உயரமுள்ள இரண்டு வண்டிகளில் இது வேறு வேறாக இருக்கலாம். வீட்டில் இருக்கும் தையல் டேப்பை ஷோரூமுக்குக் கொண்டுபோங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

"உசரமான பையன்தானே, கனமான வண்டியா வாங்கிடலாம்" என்று நினைப்பதும் சரியில்லை. உயரம் வேறு, பலம் வேறு. நெட்டையான பிள்ளைகள் பலர் ஒடிசலாக இருப்பார்கள். 2021-ல் வந்த புதிய கிளாசிக் 350-ன் சீட் உயரம் 805 மி.மீ., எடை 195 கிலோ. 2019-ல் வந்த எக்ஸ்பல்ஸ் 200-க்கு சீட் 823 மி.மீ., எடையோ சுமார் 155 கிலோதான். இதை வாங்கு, அதை வாங்காதே என்று சொல்ல நான் வியாபாரி இல்லை. உயரமான வண்டி கனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, அவ்வளவுதான். புதிதாக ஓட்டுகிறவன் நின்ற இடத்தில் வண்டியைச் சாய்த்துவிட்டால், தானே தூக்கி நிறுத்த முடிய வேண்டும்.

பந்தய வண்டி மாதிரி குனிந்து ஓட்டும் ரகத்தை, முதல் வண்டியாக நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். கால் பின்னுக்குப் போய் மடங்குகிறது, பாரம் மணிக்கட்டில் விழுகிறது, ரோட்டைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். உயரமான உடம்புக்கு இந்த மூன்றும் இன்னும் கஷ்டம். பிள்ளைகள் கோபித்துக்கொள்ளட்டும்!

ஷோரூமில் ஒரு நிமிஷம் உட்கார்ந்தால் எல்லா வண்டியும் சுகம்தான். பத்து நிமிஷமாவது உட்கார வையுங்கள். ஷூ போட்ட காலோடு கியர் மாற்றிப் பார்க்கட்டும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பட்டும். அம்மாவோ தங்கையோ பின்னால் உட்கார்ந்தால், இவன் முன்னால் நகர்ந்து டேங்கில் ஒட்டிக்கொள்வான். அப்போதும் முட்டி இடிக்கக் கூடாது.

சரி, ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள்? வண்டியை விற்க ஓட வேண்டாம். சீட் தைக்கிற கடையில் சொன்னால், நல்ல கெட்டி ஃபோம் வைத்து ஓர் அங்குலம் உயர்த்தித் தருவார்கள். முட்டியின் மடிப்பு அந்த அளவுக்குக் குறையும். ஹேண்டிலையும் கியர் லீவரையும் மெக்கானிக் கொஞ்சம் திருப்பி வைக்கலாம். ஹேண்டில் திரும்புவதே இடிக்கிறது என்றால் மட்டும், அதைச் சரிசெய்யாமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். கால் மரத்துப்போவது, வலி இடுப்பிலிருந்து பாதம்வரை இறங்குவது இதெல்லாம் இருந்தால், தைலத்தை நம்பி உட்காராமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள்.

அந்தப் பையனின் அப்பாவை வரவழைத்துப் பேசினேன். விழுந்த விஷயத்தைப் பையனே சொன்னான். அவர் திட்டவில்லை. மூன்று வாரம் கழித்து மருந்து வாங்க வந்தவர், "சீட்டை ஏத்தி, ஹேண்டிலையும் மாத்தியாச்சு ஐயா. அவனுக்கு இப்போ பரவாயில்லையாம். மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போனா எனக்குத்தான் கால் எட்டலை" என்றார்.