நாளைக்கு 1200 கலோரி: யார் போட்ட கணக்கு, யாருடைய வயிறு?

போன மாதம் அருப்புக்கோட்டையில் எங்கள் ஞாயிறு படிப்பு வட்டம் முடிந்து கிளம்பும்போது, கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கை ஒருத்தி தன் கைப்பேசியைக் காட்டினாள். "ரெண்டு மாசத்துல ஆறு கிலோ கொறச்சிட்டேண்ணே" என்றாள். திரையில் ஒரு வட்டம். நாளைக்கு 1200 கலோரிக்குள் நின்றால் பச்சை, தாண்டினால் சிவப்பு. காலையில் சீனி போடாத டீ, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி ரெண்டு சப்பாத்தி. அன்றைக்கும் பச்சைதான். பேசிக்கொண்டு இருக்கும்போதே தலை சுற்றிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

அவளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உடம்பைப் பற்றிய கவலை நியாயமானது. என் அப்பா திருச்சுழிப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டி, கரிமூட்டம் போட்டே காலம் தள்ளியவர். உழைக்கிறவனுக்குச் சர்க்கரை வராது என்று கடைசிவரை நம்பினார். சர்க்கரை முற்றி, கால்விரல் ஒன்றை எடுக்க வேண்டி வந்தது. நம் தெருக்களில் சர்க்கரையும் பிரஷரும் பணக்கார வியாதி இல்லை. ஆகவே எடை குறைப்பதைக் கேலி செய்கிற தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் கேள்வி வேறு. கலோரிக் கணக்கு எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்கத் தவறுகிறது?

தேசிய குடும்பநல ஆய்வு (2019-21) சொல்வதைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு நான்கு பேர் அதிக எடை உள்ளவர்கள். அதே வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. எடையும் கூடுகிறது, ரத்தமும் குறைகிறது. இரண்டும் ஒரே வீட்டில், பல நேரம் ஒரே உடம்பில் நடக்கிறது. எப்படி?

தட்டைப் பார்த்தால் புரியும். நம் கரிசல் காட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அன்றாடச் சாப்பாடு. நிலமில்லாத நம் ஆட்களுக்கு அவை கூலியாகவும் வந்தன. பிறகு ரேஷன் அரிசி வந்தது. 2011 ஜூன் முதல் அது இலவசம். அதைப் பழிக்கிறவர்கள் பசியை அறியாதவர்கள். பண்ணை வீட்டு வாசலில் படி தானியத்துக்குக் கைநீட்டி நின்ற நிலையை மாற்றியதில் அந்த அரிசிக்குப் பங்கு உண்டு. ஆனால் அரிசி மட்டும் தாராளமாகவும், மற்றதெல்லாம் கடை விலையிலும் கிடைத்தால் தட்டு எப்படி இருக்கும்? மலைபோல் சோறு, தண்ணியாய் ரசம், வெஞ்சனம் பேருக்கு. மேல் பசிக்கு டீயும் பத்து ரூபாய்ப் பாக்கெட்டும் புரோட்டாவும். கலோரி மலிவு. புரதமும் இரும்பும் விலை அதிகம்.

செயலிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. 100 கிராம் பச்சரிசியில் சுமார் 356 கலோரி, கம்பில் சுமார் 348. கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அரிசியில் இரும்பு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு, கம்பில் ஆறுக்கும் மேல். நார்ச்சத்து அரிசியில் மூன்று கிராமுக்கும் குறைவு, கம்பில் பதினொன்றுக்கும் மேல். நம் அம்மாக்கள் உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப் போன அதே கம்பு, இன்று 'சிறுதானியம்' என்ற பெயரில் கண்ணாடி அலமாரியில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். வயிற்றுக்குக் கணக்குப் போடுவது செயலியோடு தொடங்கவில்லை. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணமே செத்துக்கொண்டிருந்தது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், 1877இல் நிவாரண வேலையில் கல்லுடைத்த ஆளுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். வேலை செய்கிற உடம்புக்கு இது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் முகாம்களில் செத்தவர்கள் செத்தார்கள். நிலமும் தானியக் குதிரும் இல்லாத சாதிகள்தான் அந்த முகாம்களில் நிறைந்திருந்தன.

சுதந்திரத்துக்குப் பிறகு 1979இல் திட்டக் குழுவின் நிபுணர் குழு ஒன்று வறுமைக்கோடு வரைய ஒரு கணக்குத் தந்தது. கிராமத்தில் ஆளுக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100. அதை வாங்கப் போதுமான செலவு செய்கிறவர் ஏழை இல்லை. அந்தக் கலோரி பருப்பிலிருந்து வந்ததா, வெறும் சோற்றிலிருந்து வந்ததா என்று கோடு கேட்கவில்லை. இன்று ஆதிதிராவிடர் நல விடுதியில் கல்லூரி மாணவருக்கு உணவுப்படி மாதம் 1500 ரூபாய். 2023இல் 1100லிருந்து உயர்த்திய பிறகு இந்தத் தொகை. நாளைக்கு 50 ரூபாய். மூன்று வேளைக்கும் சேர்த்து.

இந்தக் கணக்குகள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விதான்: 'குறைந்தபட்சம் எவ்வளவு கொடுத்தால் இவர்கள் உயிரோடிருப்பார்கள்?' அந்தக் கேள்வியை இத்தனை காலம் அதிகாரம் நம்மிடம் கேட்டது. இப்போது என் தங்கை, கைப்பேசியை வைத்துக்கொண்டு, அதைத் தனக்குத்தானே கேட்கிறாள். என்னை உலுக்கியது இதுதான்.

இன்னொன்றும் இருந்தது. அவளுடைய பதிவுகளைப் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒரு ஞாயிறு 'சிக்கன்' என்று இருந்தது. "அன்னைக்கு வீட்ல மாட்டுக்கறிண்ணே. பக்கத்துல இருக்கவங்க பார்த்துருவாங்கன்னு சிக்கன்னு போட்டுட்டேன்" என்றாள். கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறியில் 100 கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம் உண்டு. கறியில் உள்ள இரும்பு, தானியத்தில் உள்ளதைவிட எளிதாக ரத்தத்தில் சேரும். அவளுக்கு வேண்டியது அதுதான். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 528 உணவுகள் இருக்கின்றன. அதில் மாட்டுக்கறியும் இருக்கிறது. அறிவியல் கூசாமல் எழுதுகிறது. நாம்தான் நம் சொந்தக் கைப்பேசியில் பெயர் மாற்றி எழுதுகிறோம்.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியை உண்ணாதீர்கள், பிறர் எறியும் மிச்சத்தை வாங்காதீர்கள் என்று சொன்னார். அது மாட்டுக்கறியைப் பற்றிய கூச்சம் இல்லை. உணவு உன் கைக்கு எப்படி வருகிறது, மரியாதையோடு வருகிறதா என்ற கேள்வி. அந்தக் கேள்வியையும் நம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? எடை குறைக்க வேண்டும் என்றால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பாருங்கள். மருத்துவர் சொல்லாமல் 1200க்கு இறங்காதீர்கள். வேளையைத் தவிர்க்காமல் சோற்றைப் பாதியாக்கி, மொச்சை, தட்டாம்பயறு, முட்டை, முருங்கைக்கீரை கூட்டுங்கள். சுவரொட்டியும் ஈரலும் கிடைத்தால் விடாதீர்கள். சாப்பிட்டவுடன் டீ குடித்தால் இரும்பு ஒட்டாது, ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சீனியைக் குறையுங்கள், நடங்கள். இது நம் கையில் இருப்பது.

நம் கையில் இல்லாததைக் கேட்டு வாங்க வேண்டும். 2018இல் ஒன்றிய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த இரண்டில் ஒன்று நம் விருதுநகர். நீலகிரியிலும் தருமபுரியிலும் 2023இல் ரேஷனில் ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். கம்பு விளைகிற கரிசலில் ரேஷனில் கம்பு ஏன் இல்லை? விடுதி மாணவர்களே, 50 ரூபாயில் பருப்புக்கு எவ்வளவு, முட்டைக்கு எவ்வளவு என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கலோரி எண்ணத் தெரிந்த தலைமுறைக்கு இந்தக் கணக்கு கடினமில்லை.

அந்தத் தங்கை இப்போது இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாள். செயலியை நீக்கிவிட்டு ஒரு நோட்டு போட்டிருக்கிறாள். எடை இன்னும் குறைக்கத்தான் போகிறாள், மெதுவாக. நோட்டில் இரண்டு பத்திகள்: ஒன்று அவள் சாப்பிட்டது, இன்னொன்று அவள் அம்மா சாப்பிட்டது. போன வாரம் காட்டினாள். அவள் பத்தியில் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 'மாட்டுக்கறி' என்றே எழுதியிருந்தது. அம்மாவின் பத்தியில் மூன்று நாள் மத்தியானம் ஒன்றுமே எழுதவில்லை. விட்டுப்போச்சா என்று கேட்டேன். "இல்லண்ணே, அம்மா சாப்பிடல."

அடுத்த ஞாயிறு படிப்பு வட்டத்தில் அந்த மூன்று மத்தியானங்களைப் பற்றிப் பேசுகிறோம். உங்கள் வீட்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.