சிறுவாணித் தண்ணி வேண்டாமுங்க!

கோயமுத்தூர்க்காரரிடம் எந்தப் பிரச்னையைச் சொன்னாலும், "அதுக்கென்னங்க, ஒரு மோட்டாரைப் போட்டுட்டாப் போச்சு" என்பார். 1937-லேயே ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்சார மோட்டார் செய்து காட்டிய ஊராயிற்றே! ஆகவே, தொண்டாமுத்தூரில் என் அக்கா மகன் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் விடப்போகிறான் என்றதும் பதறியது நான் ஒருவன்தான்.

அவனுக்குக் கல்யாண வீடியோ எடிட்டிங்தான் சோறு. வைகாசிக்குள் மூன்று கல்யாணம் முடித்துக் கொடுக்க வேண்டும். அட்வான்ஸ் வாங்கி, அதில் கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தவணையும் கட்டியாகிவிட்டது. சித்திரை வெயிலில் ரெண்டரிங் முக்கால்வாசி ஓடும்போது மெஷின் 'டப்'பென்று அணையும். பிராசஸர் 100 டிகிரியைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியும். பையனைக் காப்பாற்றத் தெரியாது. (தூசி தட்டி, பேஸ்ட் மாற்றினாலே பாதி மெஷின்களுக்குக் காய்ச்சல் இறங்கிவிடும். இவன் அதையும் செய்து பார்த்துவிட்டான்.)

"தண்ணியும் கரன்ட்டும் சேரலாமாடா?" என்றேன்.

என் பெரியப்பா சிரித்தார். போர் மோட்டார் ரிப்பேரில் தலை நரைத்தவர். "சப்மெர்சிபிள் மோட்டார் எங்க நிக்குது? தண்ணிக்குள்ளதான? அதைச் சுத்திப் போற தண்ணிதான் அதுக்கு ஃபேன். அந்தக் காலத்து ஆயில் இன்ஜினுக்கு, எறைக்கிற தண்ணியிலயே ஒரு குழாயைப் பிரிச்சு உள்ள விடுவோம். புதுசாக் கண்டுபுடிச்சுட்டானாக்கும்!"

நியாயம்தான். 1985-ல் வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட்களை முழுசாகவே ஒரு திரவத்தில் முக்கி வைத்திருந்தார்கள். மின்சாரம் கடத்தாத விசேஷ திரவம். நமக்கு அந்த வசதி ஏது?

பையன் பேப்பரில் படம் போட்டான். பிராசஸர் மேல் ஒரு செம்பு பிளாக். சூடான தண்ணீர் அங்கிருந்து ரேடியேட்டருக்கு, அப்புறம் சின்ன டேங்க், பம்பு, மறுபடி பிளாக். எது முன்னே, எது பின்னே என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். நான் கணக்குப் போட்டேன். 250 வாட் சூட்டை நிமிஷத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் சுமந்தால், வழியில் ஏறுவதே ஒரு டிகிரிக்குள்தான். வரிசை எப்படி இருந்தால் என்ன? பெரியப்பா ஒன்றே ஒன்றில் கறாராக இருந்தார்: "டேங்கு பம்புக்கு மேல இருக்கோணும் கண்ணு. காத்து இழுத்துச்சுன்னா மோட்டார் போச்சு."

"பம்பு எத்தனை எச்.பி.?"

"18 வாட்டுங்க அப்புச்சி. ஒரு எச்.பி.யில நாப்பதுல ஒரு பங்கு."

"இதை வெச்சு எந்தக் காட்டுக்கு பாய்ச்சறது!"

அடுத்து அக்காவின் யோசனை: டேங்குக்குப் பதில் மண்பானை. கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் 200 வாட் சூட்டை ஆவியாக்கியே விரட்ட மணிக்கு சுமார் 300 மில்லி தண்ணீர் வற்ற வேண்டும். எந்தப் பானையும் அப்படி வியர்க்காது. போதாததற்கு, பிளாக்குக்குள் இருக்கும் நூலிழைச் சந்துகளில் பானை மண் அடைத்துக்கொள்ளும். பானை சமையல் கட்டுக்கே திரும்பியது.

"சரி, சிறுவாணித் தண்ணியாச்சும் ஊத்துடா. ஊரே கொண்டாடற தண்ணி."

குடிக்கத்தான் அது அமிர்தம். உப்பு எவ்வளவு கம்மியாக இருந்தாலும் இங்கே ஆகாது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, பாசி பிடிக்காமலும் துரு ஏறாமலும் இருக்க மருந்து கலந்தான். பிளாக் செம்பு என்பதால் ரேடியேட்டரும் செம்பு, பித்தளை. அலுமினியம் கலந்தால் அரித்துத் தின்றுவிடும். கடைக்காரர் மலிவாகக் காட்டிய அலுமினிய ரேடியேட்டரைப் பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் 24 மணி நேரம் ஓட்டினான். ஒவ்வொரு ஜாயின்ட்டின் கீழும் டிஷ்யூ பேப்பர். ராத்திரி 2 மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால், கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் மேலே ஒரு பேப்பர் ஈரம்! தவணை இன்னும் 9 மாதம் பாக்கி. பையன் முகம் வெளுத்துவிட்டது. பெரியப்பா கழற்றிப் பார்த்தார். ரப்பர் ரிங் சரியாக உட்காரவில்லை. மாட்டி, மறுபடி 24 மணி நேரம். காய்ந்த பேப்பர்.

ரூம் 36 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே போகாது, இது ஏ.சி. இல்லை. ஆனாலும் முழு லோடில் பிராசஸர் 82-ஐத் தாண்டவில்லை. மூன்று கல்யாணமும் அணையாமல் முடிந்தது.

மூன்றாவது பார்ட்டி நேற்று போன் செய்தார். "வீடியோ நல்லாருக்குங்க தம்பி. பந்தியில மட்டும் என்ற பங்காளி மூஞ்சி நாலு தடவை வருது. எடுத்துருங்க."

இன்று ராத்திரி மறுபடி ரெண்டரிங்.