ஒரே பாயில் நான்கு வகுப்புகள்



2020 மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடங்களோடு நமது மதரஸாக்களின் கதவுகளும் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் திறந்தது 2021 நவம்பர் முதல் தேதியில்தான். ஏறத்தாழப் பத்தொன்பது மாதங்கள் வீடே பள்ளிக்கூடமாயிற்று. 2020இன் பிற்பகுதியில் எங்கள் வீரபாண்டியில் ஒரு தாய் என்னிடம் வந்து முறையிட்டார். அவருக்கு ஏழாம் வகுப்பில் ஒரு பெண். நாலாம் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் இரு பையன்கள். கடைக்குட்டிப் பையனுக்கு மூன்று வயது. "ஒருவனுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால் இன்னொருவன் எழுந்து ஓடுகிறான், ஹஜ்ரத். நாலு பேருக்கு நாலு பள்ளிக்கூடம் நடத்த என்னால் ஆகுமா?" என்றார்.

விடுமுறை நாட்களில் இன்றும் பல இல்லங்களில் எழும் கேள்விதான் இது.

நான்கு பள்ளிக்கூடம் எதற்கு? நமது மக்தபைச் சற்றே நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளை அலிஃப், பா, தாவில் இருக்கும். மற்றொன்று ஜபர், ஜேர், பேஷ் கூட்டிக் கொண்டிருக்கும். ஒன்று அம்ம ஜுஸ்உவில், இன்னொன்று குர்ஆன் ஓதுவதில். எல்லாரும் ஒரே பாயில்தான்! உஸ்தாத் பாடம் நடத்துவதைவிடப் பாடம் கேட்பதே அதிகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் சில நிமிடங்கள். மற்ற நேரமெல்லாம் அது தன் பாடத்தைத் தானே ஓதிக் கொண்டிருக்கும், அல்லது மூத்த பிள்ளையிடம் ஒப்புவிக்கும்.

மூத்த பிள்ளை இளையதற்குச் சொல்லித் தரும் இவ்வழக்கத்தை மேல்நாட்டார் கற்றுச் சென்ற கதை சுவையானது. 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த ஆண் அநாதைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் காப்பகத்திலும் அவ்வாறு செய்ய விரும்பினார். உதவி ஆசிரியர்கள் இணங்கவில்லை. எனவே ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் சிறியவர்களின் வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் இதைப் பற்றி லண்டனில் நூலும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பலேறிய கதை இது!

ஆனால் ஒரு சங்கதியை நாம் மறைக்கலாகாது. நம் இல்லங்களில் சட்டாம்பிள்ளை யார்? பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளைதான். "அக்கா பார்த்துக் கொள்வாள்" என்ற ஒரு சொல்லில் அவளுடைய பொழுது முழுவதும் போய்விடுகிறது. தம்பிக்குப் பத்து நிமிடம் வாய்ப்பாடு கேட்பதால் அவள் அறிவு கூர்மையடையும், உண்மை. நாள் முழுதும் கேட்டால் அவளுடைய பின்னக் கணக்கை யார் கேட்பது? அத்தாய் கொண்டு வந்து காட்டிய நோட்டுகளில் தம்பிகளுடையவை நிரம்பியிருந்தன. பெரியவளுடையது முக்கால்வாசி வெறுமையாக இருந்தது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லம் எப்படி இருந்தது? சகோதரர் மகன் காஸிம், சகோதரி மகன் உர்வா, அன்னையின் பராமரிப்பில் வளர்ந்த அம்ரா பின்த் அப்துர் ரஹ்மான் என வயது வேறுபட்டவர்கள் அங்கே கல்வி பெற்றனர். பின்னாளில் கலீஃபா உமர் இப்னு அப்துல் அஜீஸ் அவர்கள் மதீனாவுக்கு ஆணை அனுப்பி நபிமொழிகளை எழுதச் சொன்னபோது, அம்ரா அறிவித்தவற்றையும் பதிவு செய்யச் சொன்னார்கள். அவ்வீட்டில் பெண்பிள்ளை வெறும் உதவிக்காரியாக இருக்கவில்லை.

நான் அத்தாய்க்குச் சொன்னவை எளியவை. முதலில் கடைக்குட்டியை மடியில் வைத்துக் கால் மணி நேரம் கதை சொல்லுங்கள். வயிறு நிறைந்தவன்போல் பிறகு தானே விளையாடுவான். அவனைக் கடைசியில் வைத்தால் எல்லாப் பாடத்தையும் கலைப்பான். அடுத்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு பொருளை எடுங்கள். நம் வாசலுக்கு அருகே முல்லையாறு ஓடுகிறதே! 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர்மட்டம் நாளேட்டில் நாள்தோறும் வருகிறது. பெரியவள் அதைக் குறித்து வரைபடம் போடட்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்த 142 அடிக்கு இன்னும் எத்தனை அடி என்று நாலாம் வகுப்பான் கழிக்கட்டும். ஒன்றாம் வகுப்பான் எண்களைப் படிக்கட்டும். சின்னவனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் போதும். பாய் நனையும், அவ்வளவுதானே!

மூன்றாவது நிபந்தனை சற்றுக் கடினமானது. அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் பெரியவளுக்கு மட்டுமே உரியது; யார் அழுதாலும் அவளை அழைக்கக் கூடாது. தாய் தயங்கினார், அது இரவுச் சமையலுக்கான நேரமாம். பிள்ளைகளின் அத்தா வெங்காயம் உரிக்க ஒப்புக்கொண்ட பிறகே அந்த ஏற்பாடு நிலைத்தது.

2024இல் அப்பெண் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதினாள். அதற்கு முந்திய வாரம் கடைக்குட்டி ஏதோ சந்தேகம் கேட்க அவளிடம் ஓடினானாம். "அஸர் நேரம் அக்காவுடையது" என்று வாசற்படியில் அவனை மறித்து நிறுத்தியவன், அன்று நாலாம் வகுப்பிலிருந்த தம்பிதான் என்று அத்தாய் சொன்னார்.