வாலிபர் தேகமும் தேசத்தின் ஆகாரமும்

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள காரவள்ளியிலிருந்து மலைமீது ஏறும் பாதை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது என்பது பிரசித்தம். அப்பாதை வழியே லாரி லாரியாக இறங்குவது மரவள்ளிக் கிழங்கு. அது ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. ஏறுவதோ தீட்டிய அரிசியும், மைதாவும், சர்க்கரையும். சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, அவற்றையே உண்டு, மலையைக் காலால் நடந்தே ஏறி இறங்கிய ஜனங்களின் நாடு அது. இந்த மாறுதலை வெறும் வியாபார விஷயமென்று பலர் எண்ணலாம். நமது வாலிப ஸ்திரீ புருஷர்களின் உதிரத்தில் ஓடும் ஹார்மோன்களைப் பற்றிய விஷயமும் இதுவேயாகும் என்பது நமது அபிப்பிராயம். மலையில் நிகழ்ந்தது சமவெளியில் அதற்கு வெகு முன்பே நிகழ்ந்துவிட்டது.

உடற்கொழுப்பு என்பது மிஞ்சிய ஆகாரத்தைச் சேமித்து வைக்கும் வெறுங்களஞ்சியம் என்றே நெடுங்காலம் எண்ணி வந்தார்கள். 1994-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ராக்பெல்லர் சர்வகலாசாலையில் ஜெப்ரி பிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் ஹார்மோனைக் கண்டறிந்த பின் அக்கொள்கை நிற்கவில்லை. கொழுப்பு தானே ஹார்மோன் சுரக்கிறது. உடலில் எவ்வளவு சேமிப்பு உண்டென்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. அது வயிற்றினுள்ளும் ஈரலிலும் அளவு மீறிச் சேரும்பொழுது இன்சுலினுக்கு உடல் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. அந்தக் குறையை ஈடுசெய்யக் கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. வருஷக்கணக்கில் இவ்வாறு உழைத்துக் களைத்த இடத்தில் நீரிழிவு குடிபுகுகிறது.

கேடு இத்துடன் நிற்பதில்லை. மிகுந்த இன்சுலின் இளம்பெண்களின் சினைப்பையைத் தூண்டி, ஆண் ஹார்மோனை அதிகமாகச் சுரக்கச் செய்கிறது. மாதவிலக்குத் தவறுதல், முகத்தில் ரோமம், கர்ப்பந்தரிப்பதில் தாமதம் ஆகியவை இதனால் நேருகின்றன. பரம்பரையும் இதற்கு ஒரு காரணமாதலால், அப்பெண்கள்மீது பழி சுமத்துவது அநியாயம். ஆயினும் தடித்த தேகமுடையவர்களுக்கு எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே அநேகரிடம் சுழற்சி ஒழுங்குபடுகிறது. ஆண்களிலோ, மிகுந்த கொழுப்பு அவர்களது டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. அதைச் சுரக்குமாறு மூளை இடும் கட்டளையும் தளர்கிறது.

'நாம் ஒல்லியாயிருக்கிறோம், நமக்கென்ன?' என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்குப் புனே வைத்திய நிபுணர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தம் தேகத்தையே சாட்சியாக வைத்தார். அவரும் ஆங்கிலேய நிபுணர் ஜான் யுட்கினும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கில் சரிசமம், இருவருக்கும் 22.3. கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. 2004-இல் வெளியான இவ்விவரம் நமக்கு ஓர் எச்சரிக்கை. ஆகவேதான் இந்தியரில் ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட இடுப்பளவை அபாய அறிகுறியாகக் கொள்கிறார்கள். தராசைவிட அளவு நாடா உண்மை பேசுகிறது.

நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்பதைக் கணக்குகள் காட்டும். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடையுள்ளவர்கள். இந்தியாவில் நீரிழிவுக்காரர் தொகை 10 கோடிக்கு மேல் என்று 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இது சில தனிமனிதரின் சோம்பலால் விளைந்ததென்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

பரிகாரம் அரிதன்று. உழைக்கும் தசை, இன்சுலினின் சிபாரிசை எதிர்பாராமலேயே உதிரத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். வேக நடையாக வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேண்டும். அத்துடன் இரண்டு நாள் தண்டால், பளுத்தூக்குதல் போன்ற தசைப் பயிற்சியும் வேண்டும். ஆகாரத்தில் தீட்டிய அரிசியையும் சர்க்கரையையும் குறைத்து, பருப்பு, காய்கறி, தவிடு நீக்காத தானியம் ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். சாமையானாலும் வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் அதன் பெருமை போயிற்று.

குறுக்குவழி தேடும் வாலிபருக்கும் ஒரு வார்த்தை. தேகப்பயிற்சிக் கூடங்களில் இரகசியமாக விற்கப்படும் ஸ்டிராய்டு ஊசியை ஏற்றிக்கொண்டு தோள் விம்மச் செய்வோர் உண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் உடல் தன் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விரைகள் சுருங்கும், சந்ததிக்கே பங்கம் நேரலாம். பட்டினி கிடந்து மெலிய முயலும் பெண்களுக்கும் கேடு உண்டு. கொழுப்பு அளவுக்குக் கீழே போனால் லெப்டின் குன்றி, மாதவிலக்கு நின்று, எலும்பு தேயும். மிகையைப் போலவே குறையும் சத்துருவே.

தனிமனிதர் செய்யவேண்டியது இவ்வளவு. சர்க்காரின் கடமை வேறு உண்டு. மலையிலே மரவள்ளி பயிரிடும் குடியானவரை நாம் குற்றஞ்சொல்ல மாட்டோம்; கையில் காசு தருவது அதுவே. சாமையைக் குத்தித் தோல் நீக்கும் பாடு முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததும் அப்பயிர் குறைந்ததற்கு ஒரு காரணம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி ஸ்தாபனம் கொல்லிமலையில் விதை வங்கிகளையும் உமி நீக்கும் சிறு யந்திரங்களையும் ஏற்படுத்தி, வழி உண்டென்று காட்டியிருக்கிறது. தமிழ்நாட்டு சர்க்காரும் 2023-இல் நீலகிரி, தருமபுரி ஜில்லாக்களின் நியாய விலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கத் தொடங்கினர். நல்ல காரியந்தான், ஆனால் சாமை விளையும் நாமக்கல் ஜில்லாவை மறப்பதேன்? மலைவிளைச்சலை நியாயமான விலைக்கு வாங்கி, மாணவர் விடுதிகளிலும் பள்ளிச் சத்துணவிலும் சேர்க்கட்டும். ஒவ்வொரு பள்ளியிலும் விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தட்டும்.

தேசத் தொண்டு செய்ய முன்வரும் வாலிபர்களுக்கு ஒன்று கூறுவோம். உங்கள் ஊர்ச் சங்கத்தில் ஓர் அளவு நாடாவை மாட்டி வையுங்கள். நியாய விலைக் கடையில் சிறுதானியம் கேளுங்கள். கிடைக்கும்வரை விடாமல் கேளுங்கள். காரவள்ளிப் பாதை வழியே சாமை மூட்டைகளும் நல்ல விலைக்கு இறங்கட்டும். மலைவாசிக்கும் சமவெளியாருக்கும் ஒருங்கே நன்மை பயக்கும் வர்த்தகம் அதுவே.